லீவு நாள் பார்த்துப் போட்ட டிக்கெட்

மாங் செல்ஸோ பாஸ்போர்ட்டைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்தார். பிளாஸ்டிக் பைக்குள் ஒரு கைக்குட்டை, கைக்குட்டைக்குள் பாஸ்போர்ட். மணிலாவுக்குத் தெற்கே, அனிலாவ் கரையில் படகு ஓட்டுகிறவர்கள் நனையக் கூடாத எதையும் அப்படித்தான் சுற்றி வைப்பார்கள். இரண்டு முறை இல்லையென்று திரும்பி வந்த இத்தாலி விசா இந்த முறை கிடைத்துவிட்டது. அந்தப் பக்கத்தைத் திறந்து, லெர்மாவின் மேசை மேல் இரண்டு கையாலும் வைத்தார்.

"பாரு இனெங். மூணாவது தடவ வீசின வலையில மீன் விழுந்துடுச்சு."

சின்னப் பெண்களை அந்தக் கரையில் இனெங் என்றுதான் கூப்பிடுவார்கள். லெர்மா சாப்பிட்டுக்கொண்டிருந்த ரொட்டியை ஓரமாக வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பதினைந்து நாள் தங்கலாம். ஒரே ஒரு முறை நுழையலாம். அவர் கண் கலங்குகிறதோ என்று நிமிர்ந்து பார்த்தாள். அவர் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதியைப் பிய்த்து நீட்டினாள். வாங்கிக்கொண்டார்.

மபினி கடைத்தெருவில், ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த டிக்கெட் கடை. கடைக்காரி குளோ அக்கா. லெர்மா அங்கே வேலைக்குச் சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது. ஊரில் பாதி வீடுகளில் ஆள் இல்லை. இத்தாலிப் பணத்தில் எழும்பிய மூன்று மாடி வீடுகளுக்கு வேலைக்காரர்கள் வந்து ஜன்னலைத் திறந்து மூடிவிட்டுப் போகிறார்கள். வீட்டுக்காரர்கள் எல்லாம் ரோமிலும் மிலானிலும் வேறு யாருடைய ஜன்னலையோ துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இந்தக் கடைக்குக் கூட்டம் குறைந்ததே இல்லை.

"ரோமுக்குத்தானே? நடுவுல ஒரே ஒரு எடத்துல எறங்கி ஏறுனா போதும், மாங் செல்ஸோ. சுலபமா போட்டுடலாம்" என்றாள் லெர்மா.

"சுலபமா வேண்டாம்."

"அப்புறம்?"

"ஜீப்னி வண்டி மாதிரி போகணும். நம்ம ஆளு எங்க கையக் காட்டுறானோ அங்கல்லாம் நிறுத்தி."

மூன்று விரல்களை நீட்டினார். பெரியவள் ஆர்செலி ரோமில் ஒரு வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்கிறாள். நடுவிலவன் ரோடெல் துபாயில் ஹோட்டல் சமையல்காரன். சின்னவள் ஜிங்கி ஹாங்காங்கில் வீட்டு வேலை. மூன்று பேரையும் சேர்த்து அவர் கடைசியாகப் பார்த்து எட்டு வருடம் ஆகிவிட்டது. விமான நிலையங்கள் எல்லாம் மூடிக்கிடந்த வருடத்தில் அவர்களுடைய அம்மா இறந்துபோனபோது, மூன்று பேரும் மூன்று போனில்தான் பார்த்தார்கள். யாரோ ஒரு பையன் கல்லறை ஓரத்தில் நின்று, போனை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு அறுபத்தேழு ஆகுது. இன்னொரு தடவ இந்த விசாவும் வராது, என் முழங்காலும் வராது. போற ஒரே போக்குல மூணு மூஞ்சியும் பாத்துடணும். போன்ல இல்ல, நேருல. கையால தொட்டு."

லெர்மா எழுந்து சுவரில் மாட்டியிருந்த பேக்கரி நாள்காட்டியைக் கழற்றி மேசையில் விரித்தாள். மற்ற கடைகளில் கம்ப்யூட்டரைத் திறந்து, எது மலிவு, எது சீக்கிரம் என்று பார்ப்பார்கள். லெர்மா முதலில் கிழமையைப் பார்ப்பாள். அவளுடைய அம்மாவும் மிலானில்தான் இருந்தாள். சின்ன வயதில் லெர்மாவுக்கு வியாழக்கிழமை என்றால் போனில் அம்மாவின் குரல். இத்தாலியில் வீட்டு வேலைக்காரர்களுக்கு வியாழன் மதியத்துக்கு மேல் லீவு, ஞாயிறு முழு லீவு. ஹாங்காங்கில் ஞாயிறு மட்டும். அரபு நாடுகளில் வெள்ளி. ஊரில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த கணக்கு இது.

"ஜிங்கிக்கு ஞாயித்துக்கெழம" என்று பென்சிலால் ஒரு வட்டம் போட்டாள். "காலையில மணிலால கெளம்பினா, நல்ல வெளிச்சத்துல ஹாங்காங். வெளிய போக நமக்கு விசா வேண்டாம். பகல் முழுக்க அவகூட இருக்கலாம். ராத்திரி விமானம் புடிச்சா விடியக்காலம் துபாய்."

"திங்கக்கெழம துபாய். ரோடெலப் பாத்துடலாம்!"

"திங்கக்கெழம அவன் வேலைக்குப் போயிருப்பானே. அங்க வெள்ளிக்கெழமதானே லீவு?"

"ஆமா ஆமா. அரபு நாடுன்னா வெள்ளிக்கெழமதான்" என்றார் மாங் செல்ஸோ, தானே போய் வந்தவர் மாதிரி. அவருடைய அண்ணன் அந்தக் காலத்தில் சவூதியில் கொத்தனாராக இருந்தவர். வெள்ளிக்கிழமைதோறும் பேசிப் பதிந்து கேசட் அனுப்புவார். ஊர் கூடி உட்கார்ந்து கேட்கும்.

"அப்ப போகும்போது துபாய்ல வெளிய போகாம ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டு, அடுத்த விமானம் ஏறிடுங்க. திங்கக்கெழம மத்தியானம் ரோம். ஆர்செலிகூட ஒரு வியாழன், ஒரு ஞாயிறு, இன்னொரு வியாழன். அன்னிக்கு மத்தியானம் அவளுக்கு லீவுதானே, அவளே உங்கள ஏத்தி விட்டுடுவா. வெள்ளிக்கெழம காலையில துபாய். ஒரு நாள் வெளிய போயிட்டு வர்ற மாதிரி இடைத்தங்கல் விசா எடுத்துடலாம். ஒரு பகல் முழுக்க ரோடெலோட. சனிக்கெழம விடியக்காலம் மணிலா விமானம்."

மூன்று வட்டங்களையும் கோட்டால் இணைத்தாள். கோடு ஒரு இடத்திலும் முட்டவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை நாளில் இவ்வளவு அழகாக ஒரு பயணம் அமைந்ததில்லை.

"ரோடெல்கிட்ட எந்த ஷிஃப்டுன்னு ஒரு வார்த்த கேட்டுக்கட்டுமா?"

"மூச்சு விடாத. சொன்னா, செலவு பண்ணாதப்பான்னு ஆரம்பிச்சிடுவான். திடீர்னு போய் நிக்கணும். அவன் மொகம் எப்படிப் போகுதுன்னு பாக்கணும்."

உள்ளறையிலிருந்து குளோ அக்கா எட்டிப் பார்த்தாள். "என்ன மாங் செல்ஸோ, இத்தாலிக்காரியா பாத்துக் கட்டிக்கிட்டு வரப் போறீங்களாமே."

"வயசானவளா இருந்தாச் சொல்லு, சின்னப் பொண்ணையெல்லாம் என்னால சமாளிக்க முடியாது" என்றார் அவர்.

அன்று மாலையே டிக்கெட் போட்டாயிற்று. இருந்ததிலேயே மலிவான வகை. மாற்றவும் முடியாது, திருப்பவும் முடியாது.

*

பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது நார்தோ கடைக்கு வந்தான். துபாயில் டாக்சி ஓட்டுகிறவன். லீவில் வந்து திரும்பிப் போக வேண்டும். சுவரில் திரும்ப ஏறிவிட்ட நாள்காட்டியில் வட்டங்களைப் பார்த்து, "இது யாரு கோலம்?" என்று கேட்டான்.

லெர்மா பெருமையாகச் சொன்னாள். ஞாயிறு, வியாழன், வெள்ளி.

நார்தோ சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினான்.

"லெர்மா, நீ எந்தக் காலத்துல இருக்க? அங்க இப்ப சனி ஞாயிறுதான் லீவு. வெள்ளிக்கெழம அர நாள் ஆபீசு நடக்குது. அத விடு. ஹோட்டல் சமையக்கட்டுல இருக்கறவனுக்கு வெள்ளிக்கெழம லீவு குடுப்பாங்களா? அன்னிக்குத்தானே மத்தியான விருந்து, ஊரே திரண்டு வந்து தின்னும். திருவிழா அன்னிக்கு பேண்டு வாசிக்கிறவன் வீட்ல படுத்திருப்பான்னு நெனச்ச மாதிரி இருக்கு."

லெர்மாவின் காது சூடாகிவிட்டது. அவன் போகும்வரை எப்படியோ அவனுடைய டிக்கெட்டைப் போட்டு முடித்தாள். பிறகு ஆர்செலிக்குச் செய்தி அனுப்பினாள், தம்பிக்கு எந்த நாள் லீவு என்று. பதில் உடனே வந்தது.

திங்கக்கெழம. ஏன் கேக்குற?

திங்கட்கிழமை. மாங் செல்ஸோ துபாய் விமான நிலையத்துக்குள் இரண்டு மணி நேரம் சும்மா உட்காரப் போகும் அதே திங்கட்கிழமை. மகன் அதே ஊரில் போர்த்திக்கொண்டு தூங்குவான். இவர் கண்ணாடிச் சுவருக்கு உள்ளே நாற்காலியில் இருப்பார். திரும்பி வரும் வெள்ளிக்கிழமை, ஒரு பகல் முழுக்கக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து நிற்பார். மகன் அடுப்படியில் இருப்பான்.

விமானக் கம்பெனிக்குப் போன் செய்தாள். காத்திருந்தாள். இசை கேட்டாள். மறுபடி காத்திருந்தாள். இந்த வகை டிக்கெட்டில் ஒன்றும் செய்வதற்கில்லை என்றது ஒரு மரியாதையான குரல். புது டிக்கெட் என்றால் மாங் செல்ஸோ தன் படகைத்தான் விற்க வேண்டும்.

"கம்ப்யூட்டர் எதுக்கு, என் மண்டையில கெழம இருக்குன்னு சொல்லுவியே" என்றாள் குளோ அக்கா. சொல்லிவிட்டு அவளுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "சரி, மூக்கச் சிந்து. போய் அவர்கிட்ட சொல்லிடு. அங்க போய் நின்னுட்டுத் தெரிஞ்சிக்கிறத விட இங்க தெரிஞ்சா தேவல."

*

மாங் செல்ஸோ கரையில் படகுக்குள் குனிந்து தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். கடலில் முங்கி மீன் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் காலணியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று லெர்மா காத்திருந்தாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று நாலைந்து விதமாகக் கோர்த்து வைத்திருந்தாள். வாயைத் திறந்தபோது ஒன்றும் அந்த வரிசையில் வரவில்லை.

"மாங் செல்ஸோ, நான் தப்புப் பண்ணிட்டேன். வெள்ளிக்கெழம ரோடெலுக்கு லீவு இல்ல. அன்னிக்குத்தான் அவனுக்கு வேல அதிகம். திங்கக்கெழமதான் லீவு. டிக்கெட்ட மாத்த முடியாதுன்னுட்டாங்க. கேக்காமலே போட்டுட்டேன்."

அவர் நிமிரவில்லை. தகர டப்பாவால் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றினார். மறுபடி அள்ளினார். படகில் இறைப்பதற்குத் தண்ணீர் இல்லாமல் போன பிறகும் டப்பா மரத்தில் உரசிக்கொண்டிருந்தது.

"போற வழியில திங்கக்கெழம அங்கதானே எறங்குறேன்?" என்றார் கடைசியில்.

"உள்ளதான். வெளிய விடமாட்டாங்க. ரெண்டே மணி நேரம்."

"நான்தான் கேக்க விடல ஒன்ன. மூச்சு விடாதன்னேன்."

"நான் கேட்டிருக்கணும். அதுதானே என் வேல."

டப்பாவைக் கீழே வைத்தார். படகின் விளிம்பில் உட்கார்ந்து கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார்.

"அவன் வெள்ளிக்கெழம எங்க இருப்பான்?"

"ஹோட்டல்ல. வேலையில."

"உசுரோட, ரெண்டு கால்ல நிப்பானில்ல?"

"நிப்பான்."

"அப்ப எதுக்கு லீவு? நான் லீவப் பாக்கவா போறேன்? இவளே, நான் சொல்றதக் கேளு. எம்பிள்ளைங்க மூணும் வெளிய போயி வேல செய்றாங்க, வேல செய்றாங்கன்னு இத்தன வருசமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியிறேன். ஒருத்தர் வேல செய்றத ஒரு நாள் பாத்திருக்கேனா? பணம் வர்றதப் பாத்திருக்கேன். பெட்டி பெட்டியா சோப்பு வர்றதப் பாத்திருக்கேன். அவன் அடுப்புக்கு முன்னால எப்படி நிக்கிறான், எனக்குத் தெரியாது. போயி ஒரு ஓரமா உக்காந்து பாத்துட்டு வரேன். போன் போடு அவனுக்கு."

"திடீர்னு போய் நிக்கணும்னீங்களே."

"அதெல்லாம் சின்னப் பசங்க வெளையாட்டு. போடு."

ரோடெல் எடுத்தான். பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம். அப்பா வருகிறார் என்பதைப் புரிந்துகொள்ளவே அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கத்தினான். வெள்ளிக்கிழமை என்றதும் குரல் இறங்கிவிட்டது.

"அப்பா, அன்னிக்கு வேண்டாம்ப்பா. தல நிமிர முடியாது. எறநூறு பேரு தட்டத் தூக்கிட்டு நிப்பாங்க. பெரிய சமையக்காரம்மா வேற கத்திட்டே இருக்கும். நீ அதெல்லாம் பாக்கணுமா?"

"என்னன்னு கத்தும்?"

"எதுக்கெடுத்தாலும். அவங்க திட்டி நான் தல குனிஞ்சு நிக்கிறத நீ பாக்க வேண்டாம்."

மாங் செல்ஸோ போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டார், அதுதான் மகனின் காது என்பதுபோல. "டேய், நீ இத்தினியூண்டு இருந்தப்ப எம்படகுல உக்காந்திருப்ப. மீன் தென்படலன்னு ஜெர்மன்காரன் என்னத் திட்டுவான், கொரியாக்காரன் திட்டுவான், ஜப்பான்காரன் குனிஞ்சு கும்பிட்டுத் திட்டுவான். எல்லாத்தையும் நீ வாயத் தொறந்து பாத்துட்டுத்தான் இருந்த. அதுக்கப்புறமும் என்ன அப்பான்னுதான கூப்பிட்ட? இப்ப நான் பாக்கற முற."



"கேட்டுப் பாக்குறேன்ப்பா" என்றான் ரோடெல்.

மறுநாள் லெர்மாவின் போனுக்கு அவனுடைய குரல் பதிவு வந்தது. சமையலறைக்குள் வெளியாள் வரக் கூடாது என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாள். ஆனால் சொல்லிவிட்டு வேறொன்று கேட்டாளாம்: இங்கே வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும், வருடத்தில் ஒரு நாள் குடும்பத்தில் ஒருவரைக் கூட்டி வந்து விருந்தில் உட்கார வைக்கும் சலுகை உண்டே, நீ அதை எடுத்தாயா என்று.

"நான் ஒரு தடவகூட எடுத்ததில்ல லெர்மா. எனக்கு இங்க யாரு இருக்கா? அப்படி ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு. அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. நான் முட்ட போடுற எடத்துக்கு நேரா ஒரு மேசை. சாப்பாடு தொடங்கறதுலருந்து முடியிற வரைக்கும் அப்பா அங்கயே உக்காந்துக்கலாம்." கொஞ்சம் நிறுத்தினான். "அந்தம்மா என்னப் பத்தி இவ்வளவு யோசிக்கும்னு நான் நெனச்சதே இல்ல."

லெர்மா அந்தக் குரலை இரண்டு முறை கேட்டாள். ஹோட்டலின் பெயர், அங்கே போய்ச் சேரும் வழி, எந்த வாசலில் யாரைக் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதி, இடைத்தங்கல் விசாவுக்காகக் கடையில் இருந்த மாங் செல்ஸோவின் பாஸ்போர்ட்டோடு கைக்குட்டைக்குள் வைத்தாள். ஆர்செலிக்கும் ஜிங்கிக்கும் விஷயத்தைச் சொன்னாள். அதற்குப் பிறகும் அவளுக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. எழுதியதை மறுபடி பிரித்துப் பார்த்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை விடியலில் மாங் செல்ஸோவை வழியனுப்ப மணிலாவுக்குக் கரைப் படகுக்காரர்கள் எல்லோரும் ஒரு ஜீப்னியை அமர்த்திக்கொண்டு வந்திருந்தார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற மனிதரை வேறு யார் வழியனுப்புவது? ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகும் சட்டை போட்டிருந்தார்கள். லெர்மாவும் போயிருந்தாள். மாங் செல்ஸோவின் பெட்டியில், மண்சட்டியில் வேகவைத்த துளிங்கான் மீன் மூன்று கட்டு இருந்தது. மூன்றாவது கட்டு ரோமில் ஆர்செலி வீட்டுப் பனிப்பெட்டியில் உறைந்து காத்திருந்து துபாய்க்குப் போவதாக ஏற்பாடு.

"எறங்கின எடத்துல வழி தெரியலன்னா?" என்றான் ஒரு படகுக்காரன்.

"மூஞ்சியப் பாத்து நம்ம ஊருக்காரின்னு தெரியிற ஒருத்திய நிறுத்திக் கேப்பேன். எந்த ஏர்போர்ட்லயும் கூட்டித் தொடைக்கறவ நம்ம ஊருக்காரியாத்தான் இருப்பா" என்றார் அவர். தப்பில்லாத கணக்கு.

அன்று மாலை ஜிங்கி படம் அனுப்பினாள். உயரமான கட்டடத்தின் அடியில், அட்டைகளை விரித்து உட்கார்ந்திருக்கும் ஞாயிறு லீவில் கூடிய நூற்றுக்கணக்கான வீட்டு வேலைப் பெண்களுக்கு நடுவில் மாங் செல்ஸோ சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். ஒருத்தி அவருக்கு முடி வெட்டினாள். இன்னொருத்தி கால் நகத்தை வெட்டினாள். ஜிங்கி அவர் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையில் தூங்காமல் வேறெப்போது தூங்குவது என்று கீழே எழுதியிருந்தாள். ஆறு நாள் நின்ற கால் அப்படித்தான் கெஞ்சும்.

திங்கட்கிழமை ரோடெல் லெர்மாவைக் கூப்பிட்டான். லீவு நாளாயிற்றே என்று விமான நிலையத்துக்கே போய், வெளியே பேருந்து நிற்கும் இடத்தில் நின்றுகொண்டு, உள்ளே இருந்த அப்பாவோடு போனில் பேசினானாம்.

"உள்ள வர முடியாதுன்னு தெரிஞ்சும் ஏன் போன?"

"வீட்ல படுத்துட்டு அந்த ரெண்டு மணி நேரம் எப்படி இருக்கறது? அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? உள்ள ரொம்பக் குளிரு, நல்லவேள நீ வெளிய இருக்கன்னாரு."

ரோமிலிருந்து செய்தி குறைவாகத்தான் வந்தது. வியாழன் வரை பொறுக்காமல், புதன்கிழமையே அவர் ஆர்செலி வேலை செய்யும் வீட்டுக்குப் போய்விட்டார் என்று மட்டும் தெரிந்தது. அந்த வயதான அம்மாளும் அவரும் ஒரு வார்த்தைகூட ஒருவருக்கொருவர் புரியாமல் நாள் முழுக்கச் சீட்டாடினார்களாம். அம்மாள் கள்ளாட்டம் ஆடுகிறாள் என்பது மாங் செல்ஸோவின் புகார். அவர் ஆடியதைப் பற்றி ஆர்செலி ஒன்றும் சொல்லவில்லை. அவர் சமையலறையில் உட்கார்ந்து பட்டாணி உரிக்கும் படத்தை மட்டும் அனுப்பியிருந்தாள். அதில் ஆர்செலி அந்த அம்மாளின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். மாங் செல்ஸோ பட்டாணியைப் பார்க்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே லெர்மாவுக்குக் கடையில் கை ஓடவில்லை. விமானம் இறங்கிவிட்டது என்று கம்ப்யூட்டர் சொன்னது. வெளியே வந்தாரா, இடைத்தங்கல் விசாவில் ஏதாவது கேட்டார்களா, சரியான வாசலுக்குப் போனாரா என்று ஒன்றும் தெரியவில்லை. மதியத்துக்கு மேல் குளோ அக்கா அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டாள். பத்து நிமிடம் கழித்து அவளே எடுத்துக் கொடுத்தாள்.

கடை சாத்தும் நேரத்தில் போன் அடித்தது. படத்தோடு வரும் அழைப்பு. முதலில் தெரிந்தது மாங் செல்ஸோவின் மூக்கு.

"இனெங், தெரியுதா?"

"மூக்கு தெரியுது. தள்ளிப் புடிங்க."

தள்ளிப் பிடித்தார். வெள்ளைத் துணி விரித்த மேசை, அதில் காலித் தட்டுகள் அடுக்காக. ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை அவர் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார்.

"இப்ப திருப்புறேன். அவன் பாக்கக் கூடாது, கூச்சப்படுவான்."

படம் ஆடிச் சுழன்று நின்றது. தூரத்தில் உயரமான வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவன், நாலு அடுப்புக்கு முன்னால். அவனுக்கு எதிரே தட்டேந்திய வரிசை வளைந்து வளைந்து போனது. அவன் ஒரு வாணலியை ஆட்டினான், அடுத்ததில் எண்ணெய் விட்டான், மூன்றாவதைத் திருப்பிப் போட்டான், நிமிர்ந்து யாரிடமோ சிரித்து என்னவோ கேட்டான். கை நிற்கவே இல்லை. குளோ அக்காவும் லெர்மாவின் தோளுக்கு மேல் வந்து நின்றுகொண்டாள்.

"எந்தக் கையால முட்ட ஒடைக்கிறான் பாரு" என்றது மாங் செல்ஸோவின் குரல்.

"எடது."

"அவங்கம்மாவும் எடது கை. இவன் எழுதுறது வலது கையில. முட்டைக்கு மட்டும் எடது. இது எனக்கு எப்படித் தெரியும், சொல்லு? இங்க வந்து உக்காரலன்னா எப்படித் தெரியும்?"

"திட்டினாங்களா அந்தம்மா?" என்று கேட்டாள் லெர்மா.

"திட்டிச்சு. ரெண்டு தடவ. நல்லாத் திட்டிச்சு, என் ஜெர்மன்காரனெல்லாம் பக்கத்துல நிக்க முடியாது. திட்டிட்டு நேரா இங்க வந்து, எனக்கு ஒரு தட்டு பழம் வெச்சிட்டு, தோளத் தட்டிட்டுப் போகுது." சிரித்தார். "நானும் வரிசையில நின்னேன். எல்லாரையும் மாதிரி தட்ட எடுத்துக்கிட்டு. என் முற வந்துச்சு. 'என்ன போடட்டும் சார்?'ன்னான்."

"உங்கள சாருன்னா கூப்பிட்டான்?"

"அங்க அப்படித்தான் கூப்பிடணுமாம். எல்லாத்தையும் போடு தம்பின்னேன். போட்டான். தட்டுல வெச்சிட்டும் கரண்டிய எடுக்கல. நானும் தட்ட எடுக்கல. பின்னால ஒருத்தி இருமுனா. நகந்துட்டேன். சாப்பிட்டுட்டு மறுபடியும் போய் நின்னேன்."

"எத்தன தடவ?"

"அத எதுக்குக் கேக்குற? இனெங், ஒண்ணு சொல்றேன். சொல்லணும்னுதான் கூப்பிட்டேன். லீவு நாளா இருந்தா என்னக் கூட்டிட்டுப் போய் ஊரச் சுத்திக் காட்டியிருப்பான். பெரிய கட்டடம், பெரிய துணிக்கட. நல்லாத்தான் இருந்திருக்கும். ஆனா எம்மகன நான் பாத்திருக்க மாட்டேன். நீ நல்லா இருக்கணும்."

"நான் தப்பாத்தானே போட்டேன் மாங் செல்ஸோ."

"தப்புத்தான். யாரு இல்லன்னா? அடுத்த ஆளுக்குக் கேட்டுப் போடு. எனக்கு இது நல்லதாப் போச்சு. நல்லா இரு."

குளோ அக்கா மூக்கை உறிஞ்சினாள். லெர்மா திரும்பிப் பார்த்ததும், தூசி என்றாள்.

திரையில் வரிசை குறைந்துகொண்டே வந்தது. கடைசியாக ஒரு சின்னப் பெண் குட்டித் தட்டை நீட்டினாள். ரோடெல் குனிந்து அவளுக்கு ஒரு வட்டமான முட்டையை வைத்தான். அடுப்புகளை ஒவ்வொன்றாக அணைத்தான். தொப்பியைக் கழற்றினான். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அவன் இந்தப் பக்கமாக நடந்து வர ஆரம்பித்தான், வேகமாக, பிறகு ஓட்டமாக.

"வரான்" என்றார் மாங் செல்ஸோ. போனை மேசை மேல் போட்டார்.

இப்போது லெர்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கூரை. கூரையிலிருந்து தொங்கும் கண்ணாடி விளக்கு. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ரோடெலின் குரல், துணிக்குள் முகம் புதைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி.

"அப்பா, ரெண்டு முட்ட ஆம்லெட்டு. அஞ்சு தடவ. ஒனக்கென்ன பைத்தியமா? ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போறது?"

"நீ எண்ணிட்டா இருந்த?"

"பின்ன எண்ணாம?"

"சரி, நீ ஒண்ணும் திங்கலயே காலைலருந்து. உக்காரு. இந்தப் பழத்தத் தின்னு. அடியில எச்சி படாதது இருக்கு பாரு."

குளோ அக்கா ஜன்னலைச் சாத்தப் போனாள். லெர்மா இன்னும் கொஞ்ச நேரம் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் மகனும் முட்டைக் கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் சத்தம் வராமல், கதவை மெல்லச் சாத்துவது போல, அழைப்பைத் துண்டித்தாள்.